கிழக்கின் பெயரில் ஓர் அணி இருந்தது

கிழக்கு மாகாணத்தின் பெயரைத் தாங்கிய தொழில்முறைக் கிரிக்கெட் அணி ஒன்று இருந்தது. தான் பங்குகொண்ட முதற் சுற்றுப்போட்டியிலேயே அது இறுதியாட்டம் வரை சென்றது. அதுவே அதன் கடைசிச் சுற்றுப்போட்டியாகவும் அமைந்தது. கல்முனைக் கடைத்தெருவில் இன்று ஓர் இளைஞரை மறித்து இதைச் சொன்னால், கேலி செய்கிறேன் என்றே எண்ணுவார். நாற்பதைத் தாண்டியவர்களிலும் அந்த அணியின் பெயரைச் சட்டென்று சொல்லக்கூடியவர்கள் அரிது. பெயர் நெகெனஹிர நாகாஸ். ஆண்டு 2012.

பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் ஒருநாளும் என் பொறுப்பில் இருந்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் தேர்தல்களும், குழுக்கூட்டங்களும், பின்னர் சாவுகளும்தான். ஆகவே இங்கு எழுதுவதை ஒரு விசிறியின் அபிப்பிராயங்கள் என்று கொண்டால் போதும். ஆனால் இந்தக் கரையோரத்தில் விசிறியாக இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் அபிப்பிராயத்தை மட்டும் சொல்வது முறையாகாது.

இலங்கை பிரீமியர் லீக் என்ற பெயரில் ஒரு சுற்றுப்போட்டியை 2011இல் நடத்தத் திட்டமிட்டார்கள். இந்தியக் கிரிக்கெட் சபை தன் வீரர்களுக்கு அனுமதி தர மறுத்ததோடு அது ஆட்டங்கண்டு, 2012 ஓகஸ்டுக்குத் தள்ளிப்போயிற்று. மாகாணங்களின் பெயரால் ஏழு அணிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பெரும்பாலும் இந்திய முதலாளிகள். அணிகளின் பெயர்கள் எல்லாம் சிங்களத் திசைப் பெயர்களும் பிரதேசப் பெயர்களும்: பஸ்னாஹிர, கந்துரட்ட, ருஹுண, வயம்ப, ஊவா, உத்துர, நெகெனஹிர. பின்னொட்டுகள் விளம்பர நிறுவனத்துக் கற்பனைகள். மேற்கு மாகாணத்துக்கு 'கிரிக்கெட் டன்டீ' என்று ஒரு பின்னொட்டு வைத்தார்கள். அதன் பொருள் மேற்கு மாகாணத்தவர்க்கே விளங்கியிருக்குமோ தெரியாது.

வடக்கின் அணிக்கு 'உத்துர ருத்ராஸ்', கிழக்கின் அணிக்கு 'நெகெனஹிர நாகாஸ்'. வாயில் வரும் ஒலியைப் பார்த்தார்களே தவிர வரலாற்றைப் பார்க்கவில்லை. நாகர் என்ற பெயரோடு நம் பழங்கதைகள் இணைப்பது வடக்கின் நாகதீபத்தை, இன்றைய நயினாதீவை. சூளோதரன், மகோதரன் என்ற நாக அரசர் இருவரின் பிணக்கைத் தீர்க்கப் புத்தர் அங்கு வந்தார் என்கிறது மகாவம்சம். ருத்திரனுக்கோ கிழக்கில் கோணேசர் கோயில் இருக்கிறது. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி வைத்திருந்தால் ஓரளவேனும் பொருந்தியிருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பெயர் வைத்தவர் ஒருவரும் மட்டக்களப்பு வாவியைக் கூடக் கடந்து வந்திருக்கமாட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

சுற்றுப்போட்டி ஓகஸ்ட் 10ஆம் திகதி தொடங்கியது. அது ரமழான் மாதத்தின் பிற்பகுதி. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள எங்கள் முஸ்லிம் ஊர்களில் மாலையானால் நோன்பு திறப்பு, பின்னர் தராவீஹ் தொழுகை. மின்னொளியில் ஆடப்படும் இருபது ஓவர் ஆட்டத்தைப் பார்க்க யாருக்கு நேரம்? பெருநாள் முடிந்தால் தேர்தல். கிழக்கு மாகாண சபைத் தேர்தல் செப்டெம்பர் 8ஆம் திகதி. வடக்கும் கிழக்கும் இணைந்திருந்தது செல்லாது என 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர் கிழக்குத் தனி மாகாணமாக எதிர்கொண்ட இரண்டாவது தேர்தல் அது. சுவரெங்கும் மரச் சின்னமும் வெற்றிலைச் சின்னமும் வீட்டுச் சின்னமும். முஸ்லிம் காங்கிரஸ் தனித்துப் போட்டியிட்டு ஏழு ஆசனங்களைப் பெற்றது. அந்த ஏழை வைத்து யாரை முதலமைச்சராக்குவது என்ற பேச்சு பிறகு நாட்கணக்கில் நீண்டது. நாகாஸ் அணி கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் இறுதியாட்டம் ஆடியது ஓகஸ்ட் 31ஆம் திகதி. வாக்களிப்புக்கு எட்டு நாட்களே இருந்த வேளை. அன்று மாலை எங்கள் பக்கத்தில் கூடிய கூட்டமெல்லாம் மேடைகளைச் சுற்றியே கூடியது.

அணித்தலைவர் அஞ்சலோ மெத்தியூஸ். தமிழ்த் தந்தைக்கும் பறங்கியர் சமூகத்துத் தாய்க்கும் கொழும்பில் பிறந்தவர். கிழக்குக்கும் அவருக்குமிருந்த தொடர்பு அந்தச் சட்டை ஒன்றுதான். அவரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. கூலிக்கு ஆடுவது தொழில்முறை விளையாட்டின் இலக்கணம். அந்த அணியின் வீரர் பட்டியலில் எங்கள் கரையோரத்துப் பெயர் ஒன்று இருக்குமா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. இறுதியாட்டத்தில் மழை குறுக்கிட, டக்வேர்த் லூயிஸ் கணக்கில் ஊவா அணி வென்றது. அடுத்த ஆண்டு, உரிமையாளர்கள் கட்டவேண்டிய பணத்தைக் கட்டவில்லை என்ற காரணத்தால் சுற்றுப்போட்டியே கைவிடப்பட்டது. நாகாஸ் மறைந்தது. ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலயிலும் மட்டுமே நடந்தன. ஆகையால் அந்த அணி ஒருநாளும் கிழக்கு மண்ணை மிதித்ததில்லை. அது மறைந்ததற்காகக் கிழக்கில் ஒருவரும் கவலைப்பட்டதாகவும் நான் அறியேன். பொருளாதாரக் காரணத்தால் செத்தது என்று எழுதினார்கள். பிறந்த வீட்டில் அதற்கு ஒரு தொட்டில் கூட இல்லை என்பதை எவரும் எழுதவில்லை. நானும் அன்று எழுதவில்லை, தேர்தல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் எங்கள் கரையோரத்து மக்கள் விளையாட்டில் ஆர்வமற்றவர்களா? அதைப்போலப் பொய் வேறில்லை. உதைபந்தாட்டம் இங்கு பள்ளிக்கூடத்துக்கு முன்பே கற்கப்படுவது. கிரிக்கெட் மென்பந்தில் தொடங்கி மென்பந்திலேயே முடிந்துவிடும். கடினபந்துக்கு வேண்டிய காலணி, காலுறை, துடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆடுகளம், இவை எளிதில் கிட்டுவன அல்ல. எங்கள் இளமையில் சீமெந்துத் தரையில் விரிப்பை விரித்து ஆணியடித்து ஆடினோம். கடற்கரை மணலில் ஆடிய பையன்களின் கையில் பந்து எவ்வளவு சுழன்றதென்பதைப் பார்த்தவர் அறிவர். அவர்களைத் தேடி வந்து பார்த்தவர்தான் இல்லை.

'உங்கள் அணி எது' என்ற கேள்விக்கு எங்கள் ஊர்களில் காலத்துக்குக் காலம் பதில் மாறியிருக்கிறது. 1980களில் பலருக்குப் பாகிஸ்தான். இதை மறைப்பதில் பயனில்லை. 1986 ஏப்ரல் 18ஆம் திகதி சார்ஜாவில் கடைசிப் பந்தை மியாண்டாட் ஆறு ஓட்டங்களுக்கு அடித்த கதை, பார்த்தவரைவிடக் கேட்டவரால் அதிகம் வர்ணிக்கப்பட்டது. இதற்காக நாட்டுப்பற்றில்லாதவர் என்ற பழியும் வந்தது. பின்னாளில் அது அரசியல் மேடைகளிலும் ஒலித்தது. அந்தப் பழியைச் சுமத்தியவர்கள் ஒன்றை யோசித்ததில்லை: இலங்கை அணியில் தன் ஊர்ப் பெயரை ஒருநாளும் காணாதவன், தொலைவிலுள்ள ஓர் அணியில் தன் பெயரைப்போன்ற ஒரு பெயரைக் கண்டு மகிழ்ந்தால் அது துரோகமா? இலங்கை அணியில் முஸ்லிம்கள் ஆடவில்லை என்று சொல்லமாட்டேன். உவைஸ் கர்னைன் 1984இல் தன் முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். நவீட் நவாஸ் ஆடினார்; பின்னர் அவர் பயிற்றுவித்த பங்களாதேஷ் இளையோர் அணி 2020இல் உலகக் கிண்ணத்தையே வென்றது. பர்வீஸ் மஹ்ரூப் ஆடினார். இவர்களுள் ஒருவரும் கிழக்கைச் சேர்ந்தவரல்லர். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது, போர்க்காலத்து இருட்டிலும் எங்கள் ஊர்களில் வெடி கொளுத்தினார்கள். வெடிச்சத்தம் கேட்டு அஞ்சாமல் வெளியே வந்த இரவுகள் அக்காலத்தில் மிகச் சில. அந்த இரவுக்குப் பிறகு 'உங்கள் அணி எது' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு அதிக நேரம் எடுத்ததில்லை.

நிற்க. ரொரன்ரோவில் வாழும் என் மருமகன் ஐஸ் ஹொக்கி பைத்தியம். உறைந்த தரையில் சறுக்கியபடி கட்டையால் தட்டையான வட்டு ஒன்றை அடிக்கும் அந்த விளையாட்டு எனக்கு இன்றும் சரிவரப் பிடிபடவில்லை. நாகாஸ் பற்றி அவரிடம் பேசியபோது, அவர் சொன்ன உதாரணம் என்னை யோசிக்க வைத்தது. லாஸ் வேகாஸ் பாலைவன நகரம். பனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2017இல் அங்கே 'கோல்டன் நைட்ஸ்' என்ற புதிய தொழில்முறை அணியை நிறுவினார்கள். ஏனைய அணிகள் பாதுகாக்காமல் விட்ட வீரர்களைப் பொறுக்கிச் சேர்த்த அணி. ஒருவர் கனடா, ஒருவர் சுவீடன். உள்ளூரில் பிறந்தவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நாகாஸ் போலவே அதுவும் முதற் பருவத்திலேயே இறுதிவரை சென்று தோற்றது. 2018இல் வாஷிங்டன் அணியிடம். ஆனால் முடிவு வேறு. வேகாஸ் அணி நிலைத்தது. 2023இல் ஸ்டான்லி கிண்ணத்தையே வென்றது.

வித்தியாசம் பணத்தில் மட்டுமிருந்ததாக நான் நினைக்கவில்லை. 2017 ஒக்டோபர் 1ஆம் திகதி அந்நகரில் இசைவிழா ஒன்றின்மீது ஒருவன் கண்டபடி சுட்டதில் அப்போதைய கணக்கின்படி 58 பேர் மாண்டார்கள். ஒன்பது நாட்களின் பின்னர் அந்தப் புதிய அணி தன் சொந்த அரங்கில் முதல் ஆட்டத்தை ஆடியது. விளம்பரப் பலகைகளை அகற்றி, இறந்தோரின் பெயர்களை ஒளிரச் செய்து, காயப்பட்டோரைக் காத்த தாதியரையும் தீயணைப்பாளரையும் வீரர்களோடு ஒருவராகத் தரையில் நிறுத்தினார்கள். 58 என்ற இலக்கத்தை இனி எந்த வீரரும் அணிவதில்லை என்று பின்னர் முடிவு செய்தார்கள். அன்றைக்கு அந்தக் கூலி வீரர்கள் ஊரார் ஆனார்கள். எங்கள் அம்பாறைக் கரையோரமும் துக்கத்தில் பின்தங்கியதல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது இம்மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலோரத் தெருக்கள் தெருத்தெருவாகப் போயின. எட்டாண்டுகள் கழித்து இந்த மக்களின் பெயரில் இறுதியாட்டம் ஆடிய ஓர் அணி, ஒருநாளாவது இங்கு வந்து ஒரு பையனின் கையில் பந்தைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இனி 2020. நவம்பர் 26ஆம் திகதி லங்கா பிரீமியர் லீக் ஹம்பாந்தோட்டையில், பார்வையாளர் எவருமற்ற அரங்கில் தொடங்கியது. இம்முறை ஐந்து அணிகள்: கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். கிழக்கு இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி வடமாகாணத்தில் ஏறத்தாழ 10 இலட்சத்து 60 ஆயிரம் பேர். கிழக்கில் 15 இலட்சத்து 50 ஆயிரம் பேர். எண்ணிக்கையைக் கொண்டு அணி கொடுப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். பணம் போட ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் புலம்பெயர்ந்த தமிழ் முதலீட்டாளர்கள் முன்வந்தார்கள். மூன்று சமூகங்கள் வாழும் கிழக்குக்கு, மூன்றிலிருந்தும் ஒருவர்கூட முன்வரவில்லை. இதில் கொழும்பை மட்டும் நோவது நேர்மையாகாது.

யாழ்ப்பாண அணியின் பெயர் முதலில் ஜப்னா ஸ்டாலியன்ஸ். திசர பெரேரா தலைவர். வனிந்து ஹசரங்க, சொயிப் மலிக் முதலியோர் தூண்கள். இதுவும் கூலிப்படையே என்று ஒதுக்கிவிடத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் வீரர் பட்டியலின் கடைசியில் விஜயகாந்த் வியாஸ்காந்த், கபில்ராஜ், டினோஷன், விஜயராஜ் என்ற பெயர்கள் இருந்தன. டிசம்பர் 4ஆம் திகதி யாழ். மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த், பத்தொன்பது வயதை எட்டும் தறுவாயில், கொழும்பு அணிக்கெதிராகக் களமிறக்கப்பட்டார். மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் அந்தப் பையன் வீழ்த்திய முதல் விக்கெட் யாருடையது தெரியுமா? அஞ்சலோ மெத்தியூஸ். எட்டாண்டுகளுக்கு முன் கிழக்கின் பெயரைச் சுமந்து சென்ற அதே தலைவர். தொலைக்காட்சி வர்ணனையாளர் எவரும் இதை நினைவுகூரவில்லை.

அன்றுமுதல் நான் அந்த அணியின் விசிறி. இதை எழுதும்போது எங்கள் ஊர் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று அறிவேன். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த டிசம்பர் எங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்பதை வெளிநாட்டு வாசகர்கள் மறந்திருக்கலாம். நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையிலிருந்து தொற்றுப் பரவி, அப்பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. அதைவிடக் கொடியது, கொரோனாவில் இறந்தோரை எச்சமயத்தவராயினும் எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலிலிருந்து நடைமுறையிலிருந்த உத்தரவு. டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து இருபதே நாளான முஸ்லிம் சிசு ஒன்றின் உடல் பெற்றோரின் மறுப்பையும் மீறிக் கொழும்பில் எரிக்கப்பட்டது. மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிச் சென்றார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 16ஆம் திகதி, யாழ்ப்பாண அணி காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைத் தூக்கியது. வீட்டுக்குள் அடைபட்டு, ஜனாஸாவைப் பற்றிய அச்சத்தோடு தொலைக்காட்சி பார்த்தவர்களிடம் துள்ளிக் குதிக்கும் மகிழ்ச்சியை எதிர்பார்க்க முடியாது. நல்லடக்கத்துக்கு அனுமதி 2021 பெப்ரவரி இறுதியிலேதான் வந்தது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டதும் எங்கள் கிழக்கில்தான், ஓட்டமாவடியில். எரிப்புக்கெதிராகக் குரல் கொடுத்தவர்களில் வடக்குத் தமிழ் அரசியல்வாதிகளும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொன்று, பழையது. அச்சகத்தில் என்னோடு நெடுங்காலம் பணியாற்றிய நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்து முஸ்லிம். ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்தவர். அதன் பக்கத்திலுள்ள ஜின்னா மைதானத்தில் பந்தெறிந்து பழகியவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அழைத்து, யாழ்நகர் முஸ்லிம்களை அந்த மைதானத்தில்தான் கூட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்ற கட்டளை அங்குதான் அவர்களுக்கு வாசிக்கப்பட்டது. வடமாகாணத்திலிருந்து அந்த ஒக்டோபரில் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேல். பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போய்க் கூடாரமடித்தார்கள். விளையாட்டு மைதானம் என்ற சொல்லைக் கேட்டாலே அந்த நண்பர் சிறிது நேரம் பேசாமலிருப்பார். யாழ்ப்பாண அணியின் பெயரை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஆட்டமுள்ள இரவுகளில் அவரிடமிருந்து அழைப்பு வரும், 'எத்தனை?' என்று மட்டும் கேட்பார். யாருடைய ஓட்டம் என்று நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

கிழக்கில் நாங்களும் கணக்கில்லாமல் பேசமுடியாது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் கொன்றார்கள். சில நாட்களில் ஏறாவூர். அதே ஓகஸ்டில் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர்மீது சுமத்தப்பட்ட பழியை எங்களவர் பேசுவதில்லை. ஒரே மொழியைப் பேசி, ஒரே கடலில் வலைவீசி, ஒரே வயலுக்கு ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சிய இரு சமூகங்களுக்கு இடையே அந்த ஒரு மாதம் எழுப்பிய சுவர் இன்னும் முழுதாக இடியவில்லை.

ஆகவே யாழ்ப்பாண அணியை ஒரு கல்முனை முஸ்லிம் 'நம் அணி' என்று சொல்லலாமா? என் பதில்: சொல்லலாம், ஆனால் இன்னொருவரை அப்படிச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது. எனக்கு அந்த அணி யாழ்ப்பாணத்து அரசியலின் அணி அன்று. அது என் மொழியில் சிந்திக்கும் ஒரு பையனுக்கு நாட்டின் பெரிய மேடையில் பந்து கொடுத்த அணி. அந்தப் பையன் 2023 ஒக்டோபரில் ஹாங்சூ ஆசிய விளையாட்டில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே 8ஆம் திகதி ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் களத்தில் இறங்கினார். சட்டைகள் மாறினாலும் மணிக்கட்டு மாறவில்லை.

அணியின் சாதனையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 2021இல் லைக்கா நிறுவனத்தின் கைக்கு மாறி, ஜப்னா கிங்ஸ் என்ற பெயரில் மீண்டும் வென்றார்கள், 2022இலும் வென்றார்கள், 2023இல் தவறவிட்டார்கள். 2024 ஜூலை 21ஆம் திகதி காலி அணியின் 184 ஓட்டங்களை ஒரே விக்கெட்டை இழந்து 15.4 ஓவரில் கடந்து நான்காவது கிண்ணத்தை எடுத்தார்கள். ரைலி ரூசோ ஆட்டமிழக்காமல் 106. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்த 106ஐவிட வியாஸ்காந்தின் அந்த முதல் விக்கெட்டே எனக்கு உயர்ந்தது. வெற்றிகள் கூடக்கூட அணியில் வடக்கின் பெயர்கள் பெருகியிருக்க வேண்டும், பெருகவில்லை. இது என் முதல் குறை. நான்கு முறை வென்ற அணி ஒரு முறைகூட யாழ்ப்பாணத்தில் ஆடவில்லை என்பது இரண்டாவது. மைதானமில்லை என்பது காரணம். மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். ஆனால் அதற்கு முன்பே, 2025 ஏப்ரலில், ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று கூறி ஜப்னா கிங்ஸ் உரிமையாளரின் ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டிருந்தது. அவ்வாண்டு இறுதியில் நடக்கவிருந்த சுற்றுப்போட்டியும் உலகக் கிண்ண ஆயத்தத்தைக் காரணங்காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. மைதானத்துக்குக் கல் வைத்த வேளையில் அணிக்கு உரிமையாளர் இல்லை. 2013இல் நாகாஸுக்கு நேர்ந்ததன் சாயல் இதில் தெரிகிறது. ஒரு வேறுபாடு உண்டு: இந்தச் செய்தி வந்த அன்று என்னை அழைத்து வருத்தப்பட்டவர்கள் பலர். நாகாஸுக்காக ஒருவரும் அழைக்கவில்லை.

கிழக்குக்கு மீண்டும் ஓர் அணி வருமானால் எப்படியிருக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. அதற்குமுன் ஒரு சங்கடம். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கைக்காக 2019 ஜூனில் தமிழர் ஒருபுறம் உண்ணாவிரதம், முஸ்லிம்கள் மறுபுறம் சத்தியாக்கிரகம். சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே அது இரத்தாயிற்று. ஒரு செயலகத்தின் எல்லைக்கே இப்பாடென்றால், அணியின் காரியாலயம் மட்டக்களப்பிலா, திருகோணமலையிலா, கல்முனையிலா என்ற வழக்கு எத்தனை ஆண்டு நடக்கும்? என் யோசனை எளிது. காரியாலயம் எங்கும் இருக்கட்டும். பயிற்சி மூன்று இடங்களிலும் நடக்கட்டும். மட்டக்களப்பில் வெபர் மைதானம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்பித்து அம்மண்ணிலேயே வாழ்நாளைக் கழித்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கியது. இங்கே சந்தாங்கேணி மைதானம் இருக்கிறது. இரண்டிலும் முறையான புற்தரை ஆடுகளம் அமைத்து, கடினபந்துக்குப் பயிற்றுநர் இருவரை நிரந்தரமாக வைத்தால், அணியை வாங்க முதலாளி வருமுன்பே அணிக்குரிய பையன்கள் ஆயத்தமாக இருப்பார்கள். பதினொருவரில் மூவர் கிழக்கைச் சேர்ந்தவராக ஆடியே தீரவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். பட்டியலின் அடியில் பெயரை மட்டும் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் போத்தல் தூக்கவிடக்கூடாது. பெயரை மும்மொழியிலும் ஒரே சொல்லாக ஒலிக்கும்படி தேடலாம். மிருகங்களும் பாம்புகளும் போதும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நாகாஸ் அணியின் சட்டையோ, தொப்பியோ, அந்த இறுதியாட்டத்தின் நுழைவுச்சீட்டோ எவரிடமாவது இருந்தால் அறியத்தாருங்கள். என் மேசையில் இருப்பதெல்லாம் ஓகஸ்ட் மாதத்துத் தேர்தல் துண்டுப்பிரசுரங்கள்தான்.